வாகனும் சாரதியும்: சலான் காப்பீட்டுக் கட்டணத்தை எட்டாத கதை

2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டண அட்டவணையின்படி, 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை எஞ்சின் திறன் கொண்ட தனியார் காருக்கு ஆண்டுப் பிரீமியம் 3,416 ரூபாய், வரி தனி. டெல்லியில் இருபது ஆண்டுகள் ஒரு சலான்கூட வாங்காமல் கார் ஓட்டியவர் இத்தொகையைச் செலுத்தினார். ஒரே ஆண்டில் ஐந்து முறை சிவப்பு விளக்கைத் தாண்டி, இரண்டு முறை மது அருந்தி ஓட்டிப் பிடிபட்டவர் இருந்தால் அவரும் இத்தொகையையே செலுத்தினார். அட்டவணை கேட்பது எஞ்சினின் கன அளவை மட்டுமே.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை. அவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஏழு மரணங்களை அது மிகைவேகத்தின் கணக்கில் வைக்கிறது. வேகமாக ஓட்டுபவரிடம் கூடுதல் பிரீமியம் வாங்கினால் என்ன என்ற கேள்வி இந்த எண்களைப் பார்க்கும் எவருக்கும் எழும். அக்கேள்வி அரசுக்கும் எழுந்தது. 2019இல் ஒரு பணிக்குழுவும் அமைந்தது. 2021இல் அதன் அறிக்கையும் வெளிவந்தது. பின்னர் அந்த யோசனை பல முறை பேசப்பட்டும் பொதுவிதியாகவில்லை. அதிகாரிகளின் மெத்தனம் என்று இதை எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆனால் காரணம் இன்னும் பழையது. இந்தியாவில் மோட்டார் காப்பீடு தொடக்கம் முதலே வண்டிக்கு விலை வைத்தது, ஓட்டுநருக்கு வைக்கவில்லை. அண்மைக் காலத்துக் கேமரா சலானும் வண்டியின் பெயரிலேயே வருகிறது. இரண்டையும் இணைக்க முயலும்போது, தண்டனைக்கு உரியவராகிய ஓட்டுநர் இரண்டு ஏடுகளிலும் இல்லை என்பது தெரியவருகிறது.

இதன் வேர் காலனிய ஆட்சிக் காலத்தில் இருக்கிறது. 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் பதிவையும் உரிமத்தையும் நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது, காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை. பிரிட்டனில் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய பிறகு, அதே ஏற்பாட்டை இங்கும் கொண்டுவருவது பற்றி 1936-37இல் ஒரு குழு ஆராய்ந்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் எட்டாம் அத்தியாயத்தில் கட்டாயக் காப்பீட்டை எழுதிக்கொண்டது. ஆயினும் அந்த அத்தியாயம் உடனே நடைமுறைக்கு வரவில்லை. காப்பீட்டு நிறுவனங்களும் வண்டி உரிமையாளர்களும் ஆயத்தமாக அவகாசம் தரப்பட்டது; 1946 ஜூலை 1 அன்றுதான் உயிர் பெற்றது. அதற்கு முன்பு காரில் அடிபட்டவர் நட்டஈடு பெறவேண்டுமானால், உரிமையாளரிடம் பணம் இருக்கவேண்டும் என்று பிரார்த்திக்கவேண்டியிருந்தது.

கட்டாயக் காப்பீடு வந்தவுடன் விலை நிர்ணயம் என்ற சிக்கலும் வந்தது. ஒரே விலையில் விற்கும் கட்டணப் பட்டியல் முறை பிரிட்டிஷ் நிறுவனங்களின் பழக்கம். அது இங்கும் நிலைத்தது. 1968ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி உருவான கட்டண ஆலோசனைக் குழு அதற்குச் சட்ட வலு அளித்தது. 1973 ஜனவரி 1 அன்று பொதுக் காப்பீடு நாட்டுடைமையாகி, 107 நிறுவனங்கள் நான்காகச் சுருங்கியபோது போட்டிக்கே இடமில்லாமல் போயிற்று. கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, டெல்லியில் ஓரியண்டல், சென்னையில் யுனைடெட் இந்தியா என எந்த வாசலில் ஏறினாலும் ஒரே விலைதான்.

அந்தப் பட்டியலின் முதிர்ந்த வடிவத்தை 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டணப் பட்டியலில் காணலாம். தனியார் காரின் விலையைத் தீர்மானிக்க அது மூன்று கேள்விகளைக் கேட்டது. எஞ்சின் எத்தனை சிசி? வண்டிக்கு வயது என்ன? பதிவு செய்யப்பட்ட ஊர் ‘ஏ’ மண்டலத்தில் இருக்கிறதா, ‘பி’ மண்டலத்தில் இருக்கிறதா? அகமதாபாத், பெங்களூர், சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, புது டெல்லி, புனே ஆகிய எட்டு நகரங்களும் ‘ஏ’. மற்ற இந்தியா முழுவதும் ‘பி’. மூன்று கேள்விகளுக்கும் ஆர்சி புத்தகத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடலாம். ஓட்டுபவர் இருபது வயது இளைஞரா, அறுபது வயது ஆசிரியரா என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அதே பட்டியலோடு வந்த முன்மொழிவுப் படிவத்தில் ஓட்டுநரைப் பற்றிய கேள்விகள் இருந்தன. வண்டியை ஓட்டப்போவது உரிமையாளரா, சம்பளத்துக்கு அமர்த்திய ஓட்டுநரா என்று அது கேட்டது. பார்வைக் குறையோ செவிக் குறையோ உண்டா என்று கேட்டது. விபத்து ஏற்படுத்தியதற்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா, நிலுவையில் வழக்கு உண்டா என்றும் கேட்டது. ஏஜெண்டுகள் அக்கட்டங்களில் ஒரு கோடு கிழித்துவிட்டு நகர்ந்தார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எந்த விடை எழுதினாலும் விலை மாற ஒரு வரிகூடப் பட்டியலில் இல்லை. காப்பீட்டுத் துறை ஓட்டுநரைப் பற்றி அறிந்தே இருந்தது. அந்த அறிவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

விதிவிலக்காகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு: நோ கிளைம் போனஸ். ஓராண்டு இழப்பீடு கோராவிட்டால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி. அது 25, 35, 45 என ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50ஐத் தொடும். இச்சலுகை காப்பீடு பெற்றவரைத் தொடரும், வண்டியைத் தொடராது என்று பட்டியல் திட்டவட்டமாகக் கூறியது. காரை விற்றவர் தன் போனஸை எடுத்துக்கொண்டு புதிய காருக்குப் போகலாம். வாங்கியவருக்கு அது கிடையாது. ஆனால் போனஸ் அளந்தது ஓட்டும் ஒழுக்கத்தை அல்ல, இழப்பீடு கோராத பொறுமையை. பம்பரில் விழுந்த கீறலுக்குக் கிளைம் போட்டால் போனஸ் போய்விடும். மதுவருந்தி ஓட்டிப் பிடிபட்டு நீதிமன்றம் சென்று வந்தாலும், வண்டியில் கீறல் இல்லையென்றால் போனஸ் ஏறிக்கொண்டேயிருக்கும்.

ஓட்டுநரின் குற்றத்தை நினைவில் வைக்கும் ஏடு இந்தியச் சட்டத்தில் இல்லாமலும் இல்லை. அது ஓட்டுநர் உரிமம் என்னும் சிறு புத்தகம். தண்டனையை உரிமத்திலேயே குறித்துவைக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 24ஆம் பிரிவில் அதைத் தொடர்ந்தது. அடுத்து வரும் 25ஆம் பிரிவு இன்னும் சுவையானது. குறிப்பு எழுதப்பட்டபின் மூன்று ஆண்டுகள் புதிய குறிப்பு ஏதுமின்றிக் கழிந்தால், பழைய கறைகள் எவையும் இல்லாத புதிய உரிமத்தைக் கேட்டுப் பெறலாம். வேகவரம்பை மீறிய குற்றத்துக்கு ஓராண்டு போதும். குற்றத்தை மனிதரின் பெயரில் எழுதவும், காலம் கடந்தபின் அழிக்கவும் ஓர் ஏற்பாடு. பிரிட்டனில் உரிமக் குறிப்பைக் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்டறிந்து விலை வைத்ததன் அடிப்படை இத்தகைய ஏடுதான். அங்கு 1962இல் குறிப்புகளைக் கூட்டிப் பார்க்கும் முறையும், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் புள்ளி முறையும் வந்தன. இந்தியாவில் அந்தச் சிறு புத்தகம் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் காகிதப் பதிவேடுகளோடு தனித்தனித் தீவுகளாக இருந்த காலத்தில், மதுரையில் குறிக்கப்பட்ட தண்டனையைக் கான்பூரில் அறிய வழியில்லை. பெரும்பாலான மீறல்கள் சாலையோரத்திலேயே சமரசத் தொகையாக முடிந்ததால், குறிப்பு எழுதும் நீதிமன்றம் வரை அவை சென்று சேரவும் இல்லை.

இதற்கிடையே நீதிமன்றங்கள் காப்பீட்டின் பொருளையே வேறு திசையில் வளர்த்துக்கொண்டிருந்தன. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. 1987இல் ஸ்கேண்டியா காப்பீட்டு நிறுவனம் தொடுத்த மேல்முறையீட்டின் கதை சட்ட மாணவர்களுக்குப் பாடமாகவே ஆகிவிட்டது. லாரி ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் இறங்கி எதிர்ப்புறம் தின்பண்டம் வாங்கப் போகிறார். உரிமம் இல்லாத கிளீனர் வண்டியை நகர்த்துகிறார். ஓர் உயிர் போகிறது. உரிமம் இல்லாதவர் ஓட்டியதால் தன் பொறுப்பு நீங்கியது என்று நிறுவனம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டாயக் காப்பீடு தெருவில் அடிபட்டவருக்காக உண்டானது என்பதே தீர்ப்பின் சாரம். 2004இல் சுவரண் சிங் வழக்கில் இக்கொள்கை இன்னும் முறைப்பட்டது. உரிமக் குறைபாட்டைக் காட்டி நிறுவனம் தப்பிக்க வேண்டுமானால் உரிமையாளரின் கவனக்குறைவை மெய்ப்பிக்கவேண்டும். பொருத்தமான வழக்குகளில் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 2018இல் வந்த வேறொரு தீர்ப்பு, விற்றுவிட்ட பிறகும் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று அறிவித்தது. அடிபட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் இவை போற்றத்தக்க தீர்ப்புகள். அவற்றின் மறுபக்கமாக, மூன்றாம் தரப்புக் காப்பீடு என்பது பாதிக்கப்பட்டோருக்கான பொது நிதிபோல ஆயிற்று. ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்பது இழப்பீட்டுக் கணக்கில் சிறுத்துக்கொண்டே போனது.

பொது நிதிபோல ஆனதன் விலை அரசியலாகவும் ஆகும். 1988ஆம் ஆண்டுச் சட்டம் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் நிறுவனத்தின் பொறுப்பை வரம்பற்றதாக்கியது. வசூலை அரசு நிர்ணயிக்க, செலவை நீதிமன்றம் நிர்ணயித்தது. 2007 ஜனவரி 1 அன்று சொந்தச் சேதக் கட்டணம் சந்தைக்கு விடப்பட்டபோதும் மூன்றாம் தரப்புக் கட்டணம் விடுவிக்கப்படவில்லை. வணிக வாகனங்களைக் காப்பீடு செய்ய நிறுவனங்கள் தயங்கியதால், இழப்பை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு நிதி ஒன்றை அதே ஆண்டில் அமைக்கவேண்டியிருந்தது. 2012இல் அது கலைந்தது. 2018 ஜூலையில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது டீசல் விலையோடும் சுங்கச் சாவடியோடும் மூன்றாம் தரப்புப் பிரீமியமும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது.

ஓட்டும் விதத்தை விலையோடு பிணைக்கும் யோசனை வலுப்பெற்றது 2019இல். அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. மது அருந்தி ஓட்டினால் முதல் குற்றத்துக்கு 2,000 ரூபாய் வரை இருந்தது 10,000 ஆயிற்று. உரிமமின்றி ஓட்டினால் 500 ரூபாய் வரை இருந்தது 5,000 ஆயிற்று. அதே மாதத்தில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், போக்குவரத்து மீறல்களைப் பிரீமியத்தோடு இணைப்பது பற்றி ஆராயப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. டெல்லித் தலைநகரப் பகுதியில் சோதனை ஓட்டம் என்பது திட்டம்.

2021 ஜனவரியில் கருத்துக் கேட்புக்காக வெளியிடப்பட்ட அக்குழுவின் அறிக்கை, பிரீமியத்தில் ஏற்கெனவே உள்ள பகுதிகளோடு ‘போக்குவரத்து மீறல் பிரீமியம்’ என்ற ஐந்தாவது பகுதியைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு மீறலுக்கும் புள்ளி. மது அருந்தி ஓட்டுவதற்கு உச்சமாக 100. தவறான இடத்தில் நிறுத்துவதற்கு 10. முந்தைய இரண்டு ஆண்டுகளின் புள்ளிகள் கூட்டப்படும். இருசக்கர வாகனத்துக்கு 100 முதல் 750 ரூபாய் வரையும், கார்களுக்கு 300 முதல் 1,500 ரூபாய் வரையும் கூடுதல் பிரீமியம். மீறல் தரவுகள் தேசியத் தகவலியல் மையத்திடமிருந்து காப்பீட்டுத் தகவல் மையத்துக்குச் சென்று, அங்கிருந்து நிறுவனங்களை அடையும்.

தொகைகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். பத்தாயிரம் ரூபாய் அபராதத்துக்கு அஞ்சாதவர் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு அஞ்சுவார் என்று எதிர்பார்ப்பது கடினம். ஆனால் அறிக்கையின் உண்மையான சிக்கல் தொகையில் இல்லை. கூடுதல் பிரீமியம் வண்டியின் உரிமையாளரைச் சேரும், ஓட்டியவர் எவராயினும் சரி என்று அது வகுத்ததில் இருக்கிறது. வண்டி கைமாறினால் புதிய உரிமையாளருக்குப் புள்ளிகள் பூச்சியத்திலிருந்து தொடங்கும். வாங்கியவரின் பார்வையில் இது நியாயம்தான். புதிய வண்டிக்கும் ஏடு வெறுமையாகவே தொடங்கும். இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் விளைவு விசித்திரமானது. காரை விற்றுப் புதிது வாங்குபவர் தன் நோ கிளைம் போனஸைக் கையோடு எடுத்துச் செல்வார், தன் மீறல்களைப் பழைய எண் பலகையோடு விட்டுச் செல்வார். நல்லது மனிதரைத் தொடர்கிறது. கெட்டது வண்டியோடு நின்று, வண்டி விலைபோனதும் மறைகிறது. அடிக்கடி கார் மாற்ற வசதியுள்ளவருக்கு இது எளிய விடுதலை. பத்தாண்டுகள் ஒரே ஸ்கூட்டரில் காய்கறி மூட்டை ஏற்றிச் செல்பவருக்கு அந்த வழி இல்லை.

குழு ஏன் மனிதரை விட்டு வண்டியைப் பற்றிக்கொண்டது என்பதற்கு விடை அரசின் இரு தரவுத்தளங்களின் பெயர்களிலேயே இருக்கிறது. வண்டிகளின் பதிவேட்டுக்கு ‘வாகன்’ என்று பெயர். உரிமங்களின் பதிவேட்டுக்குச் ‘சாரதி’ என்று பெயர். தேரும் தேர்ப்பாகனும். கேமரா எண் பலகையைப் படிக்கிறது. வாகன் தரவுத்தளம் உரிமையாளரின் பெயரைத் தருகிறது. அவருடைய கைபேசிக்குச் சலான் செல்கிறது. சாரதியைத் தொடவேண்டிய தேவையே எழுவதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 136ஏ பிரிவின்வழி மின்னணுக் கண்காணிப்புக்குச் சட்ட இடம் தந்தது. 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி, மீறல் நடந்த பதினைந்து நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்படவேண்டும் என்றது. சாலையோரக் காவலர் உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த காலத்தில் சலானில் ஒரு முகமாவது இருந்தது.

இதே கேள்வியை மற்ற நாடுகளும் எதிர்கொண்டிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 1988இல் வாக்காளர்கள் ஏற்ற 103ஆம் முன்மொழிவு, கார் காப்பீட்டு விலையில் ஓட்டுநரின் பாதுகாப்பு வரலாற்றுக்கு முதலிடமும், ஆண்டுக்கு ஓட்டும் தூரத்துக்கு இரண்டாமிடமும், ஓட்டும் அனுபவத்துக்கு மூன்றாமிடமும் கொடுத்தது. கியூபெக் மாநிலத்தில் உடற்காயத்துக்கான பொதுக் காப்பீட்டுக் கட்டணம் ஓட்டுநர் உரிமத்தோடு வசூலாகிறது. தண்டப் புள்ளிகள் கூடினால் அந்தக் கட்டணமும் கூடும். இரண்டிலும் விலை மனிதரின் பெயரில் நிற்கிறது. நியூயார்க்கின் அனுபவம் இந்திய விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. சிவப்பு விளக்குக் கேமராவுக்கு வழிசெய்த சட்டத்தை இயற்றியபோதே, அபராதம் உரிமையாளரைச் சேரும், ஆனால் அது ஓட்டுநருக்கு எதிரான தண்டனையாகக் கருதப்படாது, அவருடைய ஓட்டுநர் பதிவில் ஏறாது, காப்பீட்டு நோக்கத்துக்கும் பயன்படாது என்று அங்குள்ள சட்டமன்றம் எழுதிவைத்தது. யார் ஓட்டினார் என்று நிறுவாமல் வசூலிக்கும் அபராதம் வசூலோடு முடியவேண்டும் என்பது அதன் தர்க்கம். 2021ஆம் ஆண்டின் இந்திய அறிக்கை இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது.

ஓட்டியவரைக் கண்டறியச் சட்டத்தில் வழி இல்லை என்றும் சொல்வதற்கில்லை. குற்றம் சாட்டப்பட்ட ஓட்டுநரின் பெயர், முகவரி, உரிம விவரங்களைக் காவலர் கேட்டால் உரிமையாளர் தரவேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. பிரிட்டனில் கேமரா பிடித்த காரின் பதிவாளருக்கு இதே கேள்வி கடிதமாகச் செல்கிறது. விடை தராவிட்டால் அதுவே தனிக் குற்றம். இங்கே இப்பிரிவு விபத்து வழக்குகளில் உதவிற்று; கோடிக்கணக்கான இ-சலான்களில் பெரிதும் மறக்கப்பட்டது. கைபேசிக்கு இணைப்பை அனுப்பிப் பணம் பெறுவது எளிது. கடிதம் எழுதி, விடைக்குக் காத்திருந்து, பெயரை மாற்றி, மறுப்பு வந்தால் விசாரிப்பது எளிதன்று.

இந்த எளிமைக்கு விலை கொடுக்கப்போகிறவர் யார் என்பதை இந்தியச் சாலையின் இயல்பு சொல்லும். லாரியை, டாக்சியை, ஆட்டோவை, பள்ளி வேனை ஓட்டுபவர்களில் பலர் உரிமையாளர் அல்லர். சலான் உரிமையாளருக்கு வருகிறது. அவர் அதை ஓட்டுநரின் சம்பளத்திலோ வாடகைக் கணக்கிலோ கழிக்கிறார். புதுப்பிக்கும் நாளில் பிரீமியமும் கூடியிருந்தால் அதுவும் எங்கிருந்து வரும் என்று ஊகிக்க அதிகச் சிரமம் வேண்டாம். ஆனால் அந்த ஓட்டுநருக்கு எந்த ஏட்டிலும் வரலாறு இல்லை. பத்தாண்டுகள் ஒழுங்காக ஓட்டியதற்கான போனஸும் அவர் பெயரில் சேராது. ஒருவரிடம் தாறுமாறாக ஓட்டிவிட்டு வேறொருவரிடம் வேலைக்குச் சேர்ந்தாலும் புதிய முதலாளிக்குத் தெரியாது. ஓட்டுநரைத் திருத்த எழுந்த திட்டம் அவரைக் காணாமலேயே தண்டிக்கிறது, காணாமலேயே மன்னிக்கிறது.

சலான் என்பதே எவ்வளவு உறுதியான சான்று என்ற ஐயமும் உண்டு. 2019இல் புதிய அபராதங்கள் வந்த சில நாட்களிலேயே குஜராத் பலவற்றைக் குறைத்தது. மேற்கு வங்கம் நடைமுறைப்படுத்த மறுத்தது. தமிழ்நாடு 2022 அக்டோபரில்தான் ஏற்றது. 2022 மார்ச்சில் தெலங்கானா நிலுவைச் சலான்களுக்குப் பெருந்தள்ளுபடி அறிவித்தது. இருசக்கர வாகனத்தார் நான்கில் ஒரு பங்கைக் கட்டினால் போதும் என்றது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் பாதி விலைக்கு இறங்கியது. மக்கள் வரிசையில் நின்று தீர்த்தார்கள். தீபாவளித் துணிக்கடைபோலத் தள்ளுபடியில் விற்கப்படும் குற்றம், காப்பீட்டுக் கணிதத்தில் அபாயத்தின் அளவுகோலாவது எப்படி? தவிரவும், கேமரா அடர்ந்த நகரில் நாளெல்லாம் ஓடும் டாக்சி சேர்க்கும் சலான்களையும், கேமராவே இல்லாத மாவட்டச் சாலையில் பறக்கும் காரின் தூய பதிவையும் ஒரே தராசில் வைக்க இயலாது. பழைய ‘ஏ’, ‘பி’ மண்டலங்கள் வேறு உருவில் திரும்பி வருவதாகும் அது.

காப்பீட்டின் மேல் வேறு கடமைகளைச் சுமத்திப் பார்த்த அனுபவமும் இந்தியாவுக்கு உண்டு. 2017 ஆகஸ்டில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், செல்லத்தக்க மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் இல்லாத வண்டிக்குக் காப்பீடு புதுப்பிக்கக்கூடாது என்றது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் புகைச் சான்று இல்லாதவர் காப்பீடும் இல்லாமல் ஓட்டினார். அவர் வண்டியில் அடிபட்டவருக்கு நிறுவனத்திடம் கேட்க ஒன்றுமில்லை. இதைப் பொதுக் காப்பீட்டு மன்றம் எடுத்துச் சொன்னபின், 2024 ஜூலையில் நீதிமன்றமே அந்த நிபந்தனையைத் திரும்பப் பெற்றது. நாட்டின் வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை, பெரும்பாலும் இருசக்கர வாகனங்கள், காப்பீடு இன்றியே ஓடுகின்றன என்ற நிலையில், பிரீமியத்தில் கூட்டப்படும் ஒவ்வொரு நூறு ரூபாயும் இன்னும் சிலரை வேலிக்கு வெளியே தள்ளக்கூடும்.

அந்த வேலியை அகலமாக்கிய முயற்சிக்குக் கோயம்புத்தூரோடு தொடர்புண்டு. சாலை விபத்துகளைக் குறித்து அந்நகரின் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல மனுவின் தொடர்ச்சியாகவே, நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதன் யோசனையின் பேரில் 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டை முன்கூட்டியே எடுக்கவேண்டும் என்று ஆணையிட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதைத் தடுக்க எழுந்த ஆணை அது. ஐந்தாண்டுக் கட்டணத்தை ஷோரூமிலேயே செலுத்திவிட்டவரிடம் இரண்டாம் ஆண்டின் மீறலுக்கான கூடுதல் பிரீமியத்தை எந்த வாசலில் நின்று கேட்பது என்பது அதன் எதிர்பாராத உடன்விளைவு.

யோசனை அதனால் இறந்துவிடவில்லை. 2024இல் டெல்லித் துணைநிலை ஆளுநர் வி.கே. சக்சேனா, மீறல்களோடு பிரீமியத்தை இணைக்கும்படி மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். திருத்தச் சட்டத்தின் 25ஏ பிரிவு உரிமங்களுக்கும், 62பி பிரிவு வண்டிகளுக்கும் தேசியப் பதிவேடுகளை வகுத்திருக்கின்றன. சலானை அவற்றுள் முதலாவதோடு இணைக்கும் வேலை, அதாவது ஓட்டியவர் யார் என்று கேட்கும் வேலை, இன்னும் கடினமானதாகவே இருக்கிறது. இடையில் 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓட்டும் தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்ப விலை வைக்கும் கூடுதல் காப்புகளைச் சொந்தச் சேதப் பிரிவில் அனுமதித்தது. காவலரும் கேமராவும் தேவையில்லை. வண்டியில் பொருத்திய கருவியே வேகத்தையும், சடுதியில் பிரேக் அழுத்துவதையும் நிறுவனத்துக்குச் சொல்லும். வார நாட்களில் தந்தை அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லும் காரை ஞாயிற்றுக்கிழமை மகன் நெடுஞ்சாலைக்கு எடுத்துச் சென்றால், இரண்டு பயணங்களையும் அந்தக் கருவி ஒரே கணக்கில் எழுதிக்கொள்கிறது.